யாரை யார் கூட்டிப் போவது

போடிநாயக்கனூர்
துன்முகி வருஷம், கார்த்திகை மாதம்

அருமை மகன் வீரையாவுக்கு ஆத்தா எழுதிக்கொண்டது. கடல் தாண்டி சிங்கப்பூரில் இருக்கும் நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அய்யாவும் ஏதோ நடமாட்டமாக இருக்கிறோம். உன் கடுதாசி ஐப்பசியிலேயே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் கை அசந்துபோகிறது, மடித்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். அய்யாவுக்கு மனசு சரியில்லை என்று உன் தங்கச்சி பொன்னுமணி அரைகுறையாக எழுதியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அரைகுறையாகத் தெரிந்தால் பயம்தான் கூடும் அப்பு, அதனால் முழுசையும் நானே எழுதுகிறேன்.

போன வருஷம் மலையில் விடாமல் பெய்து ஆறு நம் தெருவுக்குள் வந்ததும், நம் வீட்டுச் சுவர் விழுந்ததும், அடுத்த வீட்டு அமாவாசை அண்ணன் போய்ச்சேர்ந்ததும் உனக்குத் தெரியும். அவர் எப்படிப் போனார் என்பது தெரியாது. அன்றைக்கு விடிகிற பொழுதில் தண்ணீர் வாசலை முட்டியதும் உன் அய்யா முதலில் அவர் வீட்டுக்குத்தான் ஓடினார். கண் தெரியாத மனுசர், கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம். "இங்கனயே இருங்கண்ணே, இவள மேட்டுல விட்டுட்டு வெரசா வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்து, என்னைத் தோளில் சாய்த்துப் பள்ளிக்கூடத்து மேட்டுக்குக் கூட்டிப்போனார். என் முழங்கால்தான் உனக்குத் தெரியுமே, மெள்ள மெள்ளத்தான் போக முடிந்தது. அவர் திரும்பிப் போனபோது சந்துக்குள் இறங்க வழியில்லை, நாலு பேர் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் அமாவாசை அண்ணன் கட்டிலை விட்டு நகரவே இல்லை. வருகிறேன் என்றவர் வருவார் என்று இருந்திருக்கிறார்.

அதற்கப்புறம் உன் அய்யா உன் அய்யாவாக இல்லை. குரங்கணி மலைப் பக்கம் மேகம் கறுத்தால் போதும், வேட்டி துணியை மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிடுவார். சோறு இறங்காது, தூக்கம் கிடையாது. சித்திரை வெயிலில்கூடக் குடத்துத் தண்ணீர் தளும்பினால் திடுக்கிட்டு, "இந்தா வந்துட்டேன்" என்பார். ராசிங்காபுரத்தில் தன் வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம் என்று பொன்னுமணி கூட்டிப்போனாள். ஆற்றைக் கவனிக்க இங்கே ஆள் இல்லாமல் போய்விடும் என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் உச்சி வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தார். செத்தவர் பிடித்திருக்கிறார் என்று அவள் மாமியார் சொன்னதைக் கேட்டுக் கோடாங்கியிடமும் கூட்டிப்போனோம். உடுக்கடிக்க அடிக்கச் சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்த்து, "அமாவாசை அண்ணன் என்னையப் பிடிக்கிற ஆளா?" என்று கேட்டார். அன்றோடு அதை விட்டோம். மதுரையில் ஒரு டாக்டர், எலும்பு முறிகிற மாதிரி மனசும் முறியும், கூடுவதற்கு நாளாகும், வெள்ளத்தைப் பற்றி அவர் பேசினால் வாயை அடைக்காதீர்கள் என்று சொல்லி மருந்து கொடுத்தார். கொஞ்சம் தூங்கினார். மழை மாதம் வந்ததும் பழையபடி ஆகிவிட்டது. நானும் ஓய்ந்துபோனேன் அப்பு. அவர் தூங்காவிட்டால் நான் எங்கே தூங்குவது.

ஏலக்காய்க் கடை பக்கீர் முகம்மது சம்சாரம் ரஹ்மத்துன்னிசா ஒருநாள் என்னைப் பார்க்க வந்திருந்தது. எங்கள் பேச்சுக்கு நடுவில் உன் அய்யா வந்து நின்று, திரும்பவும் தண்ணீர் வந்தால் தெருக்கோடி வீட்டு மருதாயியை யார் தூக்குவது என்று கேட்டார். கேட்கிறவர்கள் எல்லோரும் அதெல்லாம் வராது என்று சொல்லித்தான் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அப்படிச் சொல்லவில்லை. "தெரியலையே மாமா. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றது. போய்ப் புருசனிடம் சொல்லியிருக்கிறது. அவர் தெருக்காரர்களைக் கடையில் கூட்டிவைத்துப் பேசினார். வயசானவர்கள், நடக்கமாட்டாதவர்கள் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னார் என்று ஆள் முடிவானது. மலையிலிருந்து லோடு இறக்கிவரும் ஜீப்புக்காரர் மேலே மழை பெருத்தால் கடையில் சொல்ல வேண்டும், உடனே தெருவில் தப்பு மேளம் அடிக்க வேண்டும், எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. ஜீப்புக்காரரிடம் தினமும் விசாரிக்கிற சோலியை உன் அய்யாவே கேட்டு வாங்கிக்கொண்டார். விசாரித்துவிட்டு வீடு வீடாகப் போய், இன்றைக்கு மலையில் தூறல்தான், பயமில்லை என்று சொல்லிவிட்டு வருவார். அதன் பிறகு மூட்டை கட்டுவது குறைந்தது. தட்டில் போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

போன வாரம் மழை வந்தேவிட்டது. மத்தியானம் தப்புச் சத்தம் கேட்டது. நம் வீட்டுக்கு என்று சொல்லியிருந்த சுமைக்காரர் மொக்கச்சாமி கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். உன் அய்யாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குத்தான் எழுந்திருக்க முடியவில்லை. கால்வலி இல்லை, கால் இருப்பதே தெரியவில்லை. தூணைக் கட்டிக்கொண்டு, நீங்கள் மருதாயியை முதலில் பாருங்கள், நான் கடைசியாக வருகிறேன் என்று சொன்னேன். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். என்னை முதலில் கூட்டிப்போனதால்தானே அந்த மனுசர் போனார் என்பது ஒரு வருஷமாக எனக்குள்ளே கிடந்திருக்கிறது. உன் அய்யாவைப் பார்த்துப் பார்த்து என்னைப் பார்க்க எனக்கு நேரமில்லை. உன் அய்யா மழைச்சத்தத்தில் எனக்குக் கேட்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து, "மருதாயிக்கு ஆளு போயாச்சு. எல்லா வீட்டுக்கும் ஆளு போயாச்சு. நீ வர்றதால யாரும் விட்டுப்போயிடல" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் நடந்தேன், இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

தண்ணீர் தெரு முனையைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மருதாயி தன் வெற்றிலைப்பை நனைந்துவிட்டதென்று எல்லோரையும் வைதுகொண்டிருந்தாள். உன் அய்யா ஒரு சாக்கில் சாய்ந்து குறட்டை விட்டுத் தூங்கினார். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் தூங்குகிறார், இப்போது நான்தான் விழித்திருக்கிறேன். மழை விட்டதும் அந்த மதுரை டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். போவேன்.

வீட்டை விற்றுவிட்டு அங்கே வந்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம் அப்பு, இங்கே எங்களைக் கூட்டிப்போக ஆள் இருக்கிறது, உன் அய்யாவுக்குச் சோலியும் இருக்கிறது. நீயும் அங்கே அக்கம்பக்கத்தாரோடு பேச்சு வைத்துக்கொள், மருமகள் நாள் முழுக்கத் தனியாக இருக்கிறாள், அவளிடம் நின்று பேசு. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். நீங்கள் எல்லோரும் ஆல்போல் தழைத்து நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய், கடுதாசியில் அய்யாவை விசாரிக்கிறபோது, ஆத்தா நீ தூங்குகிறாயா என்று எனக்கும் ஒரு வரி எழுது.

உன் ஆத்தா
செல்லத்தாய்