அன்பரசியின் லீவு லெட்டர்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டாவது நாளாக அதே மோல் கணக்கு. வெள்ளிக்கிழமை என் பத்தாம் வகுப்பில் ஆய்வாம். அதுவரை புதுப் பாடம் கூடாது என்று தலைமையாசிரியர் பழமலைநாதன் உத்தரவு. யார் எழுந்து என்ன சொல்ல வேண்டும் என்பது வரை ஒத்திகை. இருபத்து நான்கு வருடம் அறிவியல் நடத்திவிட்டு நாடகம் போடுகிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

"அந்த அன்பரசி மாதிரி ரெண்டு மூணு புள்ளைங்கள அன்னிக்கு லீவு போடச் சொல்லிடுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

"எதுக்கு சார்?"

"எதையாவது கேட்டு வைக்குங்க."

கணக்கு ஆசிரியர் பாலகிருஷ்ணன் சிரித்தார். "தேர் வரும்போது ரோட்டுக் கடைய எடுக்கறதில்லையா, அதுமாதிரிதான்."

கடையும் பிள்ளையும் ஒன்றா? வகுப்பில் கேள்வி கேட்கிற ஒரே பெண் அவள். நான் சொல்லப்போவதில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆய்வு அலுவலர் கடைசி பெஞ்சில், கைப்பேசியில் படிவத்தோடு. எட்டாவது நிமிடம் அன்பரசி எழுந்தாள்.

"மிஸ், அஞ்சு நாளா போடுறோம். பதினெட்டு கிராம் தண்ணி எப்படி ஒரு மோலுன்னு இன்னும் புரியலிங்க."

அஞ்சு நாளா! அலுவலர் தலை நிமிர்ந்தது. நிமிரட்டும். அவள் அம்மா செராமிக் கம்பெனியில் கப் அடுக்குகிறவர். சின்னக் கப் ஒரு டஜன், பெரிய கப் ஒரு டஜன். எண்ணிக்கை ஒன்று, எடை வேறு என்று அங்கிருந்து தொடங்கினேன். அவள் முகம் தெளிய ஆரம்பித்தபோது மணி அடித்துவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மெமோ. 'பாடம் முடிக்கப்படவில்லை. துணைக்கருவி இல்லை. விளக்கம் தரவும்.'

ஒரு பிள்ளைக்குப் புரியத் தொடங்கியதைக் குறிக்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. மெமோவைத் தலைமையாசிரியர் வகுப்பு வாசலில், பிள்ளைகள் பார்க்க நீட்டுகிறார். இவங்களுக்கெல்லாம் என்னத்தச் சொல்லிப் புரிய வைக்கிறது என்று நினைத்துக்கொண்டே வாங்கினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

மறு ஆய்வு. ஒத்திகைப்படி எல்லாம் நடந்தது. 'மிக நன்று.'

அன்பரசி வரவில்லை. "நான் லீவு போடச் சொல்லலிங்க டீச்சர், சத்தியமா" என்கிறார் தலைமையாசிரியர்.

ஆகஸ்ட் 21, வியாழன்

லீவு லெட்டர் கொண்டுவந்தாள். வயிற்றுவலி.

"நெசமாவா?"

தரையைப் பார்த்தாள். "நான் வந்தா மறுபடி ஒங்களுக்குத்தானே மெமோ, மிஸ்."

ஆகஸ்ட் 25, திங்கள்

புதுப் பாடம் தொடங்கினேன். சந்தேகம் உண்டா என்று அவளிடமே மூன்று முறை கேட்டேன்.

"இல்லிங்க மிஸ்" என்றாள்.