ஃபர்ஸ்டா, செகண்டா?

இன்று மத்தியானம் கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தபோது மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி வந்து நின்றாள். கையில் ஒரு பெரிய பழுப்புக் கண்ணாடி பாட்டில், பீர் காய்ச்சும் கடையில் நிரப்பிக் கொடுப்பார்களே, அது. மூடி சரியாக இறுகாமல் நுரை வழிந்து அவள் சட்டைக் கையை நனைத்திருந்தது. லிஃப்டின் கதவு மூடியதும் அந்த மணம் எழுந்தது. பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணம். கோதுமை பீர்.

"ஸாரி அங்கிள், லீக் ஆகுது" என்றாள்.

"பாட்டில் வாய்மேல ஒரு பிளாஸ்டிக் கவரை மடிச்சுப் போட்டு, அதுக்கு மேல மூடியைத் திருகும்மா. நிக்கும்" என்றேன். இந்த மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். அது என் சிநேகிதனின் வித்தை, உன் வித்தை, என்று சொல்வதற்குள் அவள் மாடி வந்துவிட்டது.

வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெங்களூரில் பேச்சுக்கா பஞ்சம்? பஸ்ஸில், மெட்ரோவில், கீழ்வீட்டு பால்கனியில் எல்லாரும் எதையாவது பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதில் ஒரு வார்த்தைகூட எனக்கானது இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது உன் மூக்குக்கண்ணாடிக் கடை. நாற்பது வயதில் எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரிய ஆரம்பித்தபோது படியேறி வந்தேன். என் மூக்கில் அந்தக் கனத்த இரும்பு ஃபிரேமை மாட்டிவிட்டு, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "ஃபர்ஸ்டா, செகண்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். ஒரு கட்டத்தில் நான் சொன்னேன்:

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாத்தான் பாத்தேன். வித்தியாசம் ஒண்ணும் தெரியல."

நீ சிரித்துவிட்டாய். இரண்டு முறையும் ஒரே லென்ஸைத்தான் போட்டிருந்தாய். "பாதிப் பேரு செகண்ட்தான் பெட்டர்னு சொல்லுவாங்க சார். இவன் மெனக்கெட்டு மாத்துறானே, மனசு நோகக் கூடாதுன்னு. அப்புறம் கண்ணாடி தப்பாப் போனா என் தலையிலதான் வந்து விடியும்" என்றாய். பில் எழுதும்போது தலையை நிமிர்த்தாமலே கேட்டாய்: "உங்க நாக்கும் இப்படித்தானா?"

அடுத்த சனிக்கிழமை லிங்கராஜபுரத்தில் உன் வீட்டுச் சமையலறையில் நின்றேன். உங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டிலும் ஜாடியில் திராட்சை ஒயின் ஊறும். உனக்கு அது போதவில்லை. எல்லாரும் போடுவதையே போட எதற்கு ஒரு மனுஷன் என்பாய். ஆனால் நீ புதிதாகக் கலக்குவதைக் குடித்துப் பார்த்து உண்மையைச் சொல்ல ஆள் இல்லை. "எங்க ஜனங்க எதைக் குடுத்தாலும் ஸ்தோத்திரம்னு சொல்லிட்டுக் குடிச்சிடுவாங்க குரு. அதுல நான் இன்னா கத்துக்கிறது?"

அந்த ஆளாக நான் கிடைத்தேன். மனைவியைப் பிரிந்து தனியாக இருந்தவனுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று வாரத்தில் இருப்பதே உன் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாதத்தில் 'சார்' போய் 'நீ'யும், பெங்களூரில் சிநேகிதனைக் கூப்பிடுகிற 'குரு'வும் வந்துவிட்டன. என் வேலையும் பொருத்தமாகத்தான் அமைந்தது. கம்பெனியில் மற்றவர்கள் எழுதும் சாஃப்ட்வேரில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு நோட்டு வாங்கி, உன் ஒவ்வொரு கலவைக்கும் ஆபீஸில் எழுதுவதுபோலவே குறைப்பட்டியல் எழுதினேன். மோர்மிளகாயை வறுத்து வோட்காவில் போட்டாயே, அதற்கு எழுதியது ஞாபகம் இருக்கிறதா? "குறை ஒன்று: காரம் அதிகம். குறை இரண்டு: குடிப்பவன் அழுகிறான்." அதை நீ கிழித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாய்.

நல்லதும் வந்தது. ரம்மில் ஃபில்டர் காபி டிகாஷனை விட்டு ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தது. ஜின்னில் நார்த்தை இலையைக் கசக்கிப் போட்டது. கொய்யாப்பழமும் பச்சை மிளகாயும் சேர்த்து, கிளாஸ் விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவியது; பள்ளிக்கூட வாசலில் விற்கிற கொய்யாவை அப்படியே குடிப்பதுபோல இருந்தது. பூண்டு வோட்காவைப் பற்றி மட்டும் பேச்சு வேண்டாம். அது ஊறிக்கொண்டிருந்த வாரத்தில்தான் வீடு மந்திரிக்க ஃபாதர் வந்தார். உள்ளே நுழைந்ததும் மூக்கை உறிஞ்சி, "என்ன, இன்னைக்கு பிரியாணியா?" என்று ஆசையாகக் கேட்டார். உன் மனைவி ஸ்டெல்லா உன்னைப் பார்த்த பார்வையில் பாட்டில் அன்றே சாக்கடைக்குப் போனது.

நான் குடிக்கும்போது நீ குடிக்கமாட்டாய். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பாய். நான் வாய் திறக்குமுன்பே, "புளிப்பு தூக்கலா?" என்பாய். சரியாக இருக்கும். "வாய் பொய் சொல்லும் குரு. புருவம் சொல்லாது" என்பது உன் கட்சி.

பிறகு உன் கழுத்தில் அந்தக் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். கட்டி கரைந்தது, கூடவே நாக்கும் போனது. தோசையும் ஒன்றுதான், அட்டையும் ஒன்றுதான் என்றாய். குடி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் உனக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. நீ எப்போதும் குடிப்பதைவிடக் கலக்குவதில்தான் ஆசை உள்ளவன்.

"நாக்கு போச்சு. உன் நாக்கு முழுசா இருக்கு இல்ல? அது ஸாக்கு, போதும்" என்றாய். ஸ்டெல்லாவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பன்னீர் திராட்சை என்றால் உயிர். அதில் அவளுக்கென்று ஒன்று செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தாய். பன்னீர் திராட்சைச் சாறு, கொஞ்சம் ஜின், இடித்த மிளகு, மேலே நுரை நிற்க அந்தக் கோதுமை பீர். "அவ வாயில வெச்சதும் ஒரு செகண்ட் பேசாம இருக்கணும். அவ்ளோதான் வேணும்" என்றாய். கட்டி மறுபடி தலைகாட்டியிருந்தது; பிறந்தநாளுக்கு முன்பே நீ போய்விடுவாயோ என்கிற பயம் வீட்டில் எல்லாருக்கும் இருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதல் கிளாஸை நீட்டினாய். இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். சட்டைக் காலருக்குள் கழுத்து கறுத்து இளைத்துக் கிடந்தது. வாயில் வைத்தால் வேப்பங்கொட்டையைக் கடித்த கசப்பு. "சூப்பரா இருக்கு" என்றேன்.

அடுத்த வாரமும் சூப்பர். அதற்கடுத்த வாரம் பிரமாதம். புருவத்தைக்கூடப் பழக்கி வைத்திருந்தேன். சாகக் கிடப்பவனிடம் குறைப்பட்டியலா வாசிப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நோட்டை உன் வீட்டுக்குக் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டேன்.

நான்காவது வாரம் இரண்டு கிளாஸைக் கொண்டுவந்து வைத்தாய். "ஒண்ணுல மட்டும் ஸ்வல்ப மாத்தியிருக்கேன். ஃபர்ஸ்டா, செகண்டா?" என்றாய். இரண்டையும் மாறி மாறிக் குடித்தேன். யோசிப்பதுபோல நடித்து, "செகண்ட். சந்தேகமே இல்ல. இதுதான் டாப்" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. இரண்டு கிளாஸையும் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினாய். எனக்கு முதுகைக் காட்டியபடியே, "ரெண்டும் ஒரே ஜக்குலருந்து ஊத்துனதுடா" என்றாய். பத்து வருஷத்துக்கு முன்னால் உன் கடை நாற்காலியில் நான் தாண்டிய அதே குழியில் விழுந்திருந்தேன். பிறகு மெதுவாக இன்னொன்று சொன்னாய். "டாக்டர் நல்லாருக்கேன்றாரு. ஸ்டெல்லா நல்லாருக்கேன்றா. நீயுமா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் நீ கூப்பிடவில்லை. போன் அடித்தால் ஸ்டெல்லாதான் எடுத்து, "தூங்குறாருண்ணா" என்றாள். அந்த இரண்டு வாரமும் நான் எப்படி இருந்தேன் என்று எழுதினால் நீ கேலி செய்வாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். எனக்கு மிஞ்சியிருந்த ஒரே கூட்டு உன்னுடையது. அதை இரக்கப்பட்டே கெடுத்துக்கொண்டேன் என்று தெரிந்தது.

மூன்றாவது சனிக்கிழமை கூப்பிடாமலே வந்தேன். நோட்டையும் எடுத்து வந்தேன். நீ கட்டிலில் சாய்ந்திருந்தாய். ஃபிரிட்ஜில் இருந்த சாற்றை எடுத்து நானே கிளாஸில் ஊற்றி, உனக்கு எதிரே உட்கார்ந்து குடித்து, முகத்தை அதன் போக்கில் விட்டேன்.

"கண்றாவி. கசக்குது. இதை மிக்ஸியில போட்டு அடிச்சியா?"

நீ என்னையே பார்த்தாய். "ஆமா."

"கொட்டையெல்லாம் உடைஞ்சிருக்கு. முன்ன கையாலதானே பிழிவே?"

"கையில பலம் இல்லடா."

"அதைச் சொல்றதுக்கு இன்னா? என் கை இருக்குல்ல?"

உன் முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. "வேற இன்னா குறை? எழுது, எழுது" என்று எழுந்து உட்கார்ந்தாய். அன்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் நீ குஷியானாய். சமையலறையிலிருந்து ஸ்டெல்லா எட்டிப் பார்த்து, "திட்டு வாங்கறதுக்கு இவ்ளோ சந்தோஷமா இந்த மனுஷனுக்கு?" என்றாள்.

அதன் பிறகு ஐந்து சனிக்கிழமைகள். நீ சொல்லச் சொல்ல நான் பிழிந்தேன், இடித்தேன், அளந்தேன். கசப்பு போனது. இனிப்பு இடத்துக்கு வந்தது. கடைசி வாரம் உனக்குக் குரலே எழும்பவில்லை. புருவத்தை உயர்த்திக் கேட்டாய். நான் குடித்தேன். கிட்டத்தட்ட வந்திருந்தது. ஆனால் விழுங்கிய பிறகு மிளகு மட்டும் தொண்டையில் தனியாக நின்றது. வந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் ஊசலாடினேன். உன் கண் என் முகத்திலேயே இருந்தது.

"இன்னும் வரல. மிளகு ஜாஸ்தி" என்றேன்.

நீ தலையை ஆட்டினாய். "அடுத்த வாரம்" என்று உதடு அசைந்தது. வியாழக்கிழமை நீ போய்விட்டாய்.

அன்று நான் பொய் சொல்லியிருந்தால் முடித்துவிட்டோம் என்கிற நிறைவோடு நீ போயிருப்பாய். எத்தனையோ நாள் இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். சில நாள் நான் செய்தது சரி என்று தோன்றும். சில நாள் என்னைப்போல ஒரு கல்நெஞ்சன் உண்டா என்று இருக்கும்.

ஸ்டெல்லாவின் பிறந்தநாள் நீ இல்லாமல் வந்தது. சர்ச் ஆட்கள் ஜெபம் செய்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, நான் உன் சமையலறையில் நின்று மிளகைக் குறைத்து அதைக் கலந்து, நீ அவளுக்கென்று செய்துகொண்டிருந்தது என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்தாள். "ரொம்ப நல்லாருக்குண்ணா. சூப்பரா இருக்கு" என்றாள். உடனே சொன்னாள், ஒரு செகண்டுகூடப் பேசாமல் இருக்கவில்லை. அவள் புருவத்தைப் பார்த்தேன். அது மிகவும் பாடுபட்டு அசையாமல் நின்றது. என்மேல் இரக்கப்பட்டாள். "சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தொட்டியில் இரண்டு கிளாஸையும் ஊற்றிய அன்று நீ எவ்வளவு தனியாக நின்றிருப்பாய் என்று ஆட்டோவில் வரும்போதுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது ஸ்டெல்லா மைசூரில் மகளோடு இருக்கிறாள். லிங்கராஜபுரம் வீட்டில் வேறு யாரோ. நானோ யார் எதை நீட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாலும், வாய்க்கு வந்த நல்ல வார்த்தையைச் சொல்ல முடியாதவனாகிவிட்டேன். ஆபீஸில் ஒருவர் மனைவி செய்தனுப்பிய மைசூர்பாக்கு பல்லில் ஒட்டுகிறது என்று சொன்னதிலிருந்து டிபன் பாக்ஸ் என் மேஜைக்கு வருவதில்லை. அதற்காக வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட குணம். இனி அது போகாது.

சனிக்கிழமை சாயங்காலத்தில் இன்னும் பிழிகிறேன். கையால்தான். கலந்து, மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து குடிக்கிறேன். இன்றும் செய்தேன், குரு. இன்னும் வரவில்லை. கசப்பு இல்லை, இனிப்பு சரி, மிளகும் அடங்கிவிட்டது. ஆனாலும் எங்கேயோ ஒன்று குறைகிறது. சரியில்லை என்று நான் சொன்னால் சந்தோஷப்படுகிறவன் இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான் இருந்தாய்.