கரண்டிக்குள் தெரிந்த முகம்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ நன்றாக இருப்பதாகச் சொல்வதை நம்பிக்கொண்டு இங்கே நாங்களும் நன்றாக இருக்கிறோம். அப்பா சுகம், தம்பி சுகம், வீட்டுக் கரண்டிகள்தான் ஒரு வாரமாகப் படாத பாடு படுகின்றன. ஏன் என்று சொல்லத்தான் எல்லோரும் படுத்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் எல்லாவற்றுக்கும் "ம்" என்பாய், அந்த "ம்" சிரிப்பா சலிப்பா என்று எனக்குத் தூக்கம் போய்விடும்.

வேலைக்குப் போன ஊரிலிருந்து நீ அனுப்பும் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. திடுக்கிட்டு நிற்கும் பிளக் பாயின்ட், முறைக்கிற பூட்டு, கொட்டாவி விடும் தபால்பெட்டி. போட்டோ எடுக்கப் பழகுகிறேன் என்றாய், சந்தோஷம்தான், ஆனால் கண்ட பொருளுக்கெல்லாம் முகம் கண்டுபிடிக்கிற பெண் தன் முகத்தை மட்டும் ஏன் அனுப்பமாட்டேன் என்கிறாள், பேச ஆளில்லாமல் பிளக் பாயின்ட்டோடு பேசிக்கொண்டிருக்கிறாளோ என்று எனக்கு ஒரே கவலை. அப்பாவிடம் சொன்னேன். "பவர் உள்ளவங்க சகவாசம் நல்லதுதானே, விடு" என்கிறார். லிஃப்ட் மெக்கானிக்கிடம் வேறு என்ன பதில் வரும்.

இப்படி இருக்கும்போதுதான் காலிக் கிண்ணத்தையும் கரண்டியையும் படமெடுத்து, சூப் போன இடம் தெரியவில்லை என்று எழுதி அனுப்பினாய். சும்மா பெரிதாக்கிப் பார்த்தேன். கரண்டிக் குழிக்குள் நீ! பென்சில் மாதிரி இளைத்து, தலைகீழாக, உதடு பிதுங்கி, இதோ அழப்போகிறேன் என்கிற மாதிரி. இப்படி இளைத்துவிட்டாளே என்று கத்தினேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அது கரண்டி, எடை மெஷின் இல்ல, நீ பிசிக்ஸ் படிச்சவதானே" என்று கேலி செய்தார். படித்தேன்தான், பரீட்சையில் குழியாடிக்குப் படம்கூட வரைந்தேன். ஆனால் அங்கே பொருள் என்று ஓர் அம்புக்குறியைத்தான் நிற்க வைப்பார்கள், பெற்ற பெண்ணை நிற்க வைக்கமாட்டார்கள்.

சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று கரண்டியை உன் படத்தில் இருப்பது போலவே மேஜையில் வைத்து அப்பாவைக் குனியச் சொல்லிப் படமெடுத்தோம். பெல்ட்டில் ஓட்டை போட இடமில்லாத மனிதர், படத்தில் ஊசி மாதிரி வந்தார். குறுக்கே திருப்பினால் கதவு மாதிரி. "அப்பா, இனிமே நடக்கவே வேணாம், கரண்டியைத் திருப்பினா போதும்" என்றான் தம்பி. ஆக, நீ இளைக்கவில்லை. ஆனால் உதடு? உர்ரென்று குனிந்த அப்பாவின் உதடுகூடப் படத்தில் இப்படிப் பிதுங்கவில்லையே.

மறுநாள் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே படத்தைக் கொண்டுபோய், கண் பரிசோதனைக்கு எழுத்துத் தெரியும் பெரிய திரையில் போட்டுவிட்டேன். நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பதை நான் கவனிக்கவில்லை. அவர் பாவம், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, "கரண்டிக்குள்ள ரெண்டு பேர் தெரியறாங்கம்மா" என்று படித்தார். முதலாளி, மனிதருக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று பயந்து லென்ஸை மாற்றிப் போட்டார். அப்போதும் இரண்டு பேர். இன்னொரு லென்ஸ். இரண்டு பேர்தான். நானும் கிட்டே போய்ப் பார்த்தேன். உன் தோளை ஒட்டி இன்னொரு தலை!

வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா அது நாற்காலியின் முதுகு என்று சாதித்தார். எந்த நாற்காலி மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறது என்று கேட்டேன். சரி, நிமிர்த்திப் பார்ப்போம் என்று நான் போனைத் திருப்பினால் படமும் தானே திரும்பி மறுபடி தலைகீழாகவே நின்று தொலைக்கிறது. இத்தனை நாளும் அப்படித்தான். கடைசியில் தம்பிதான் சோபாவில் காலை மேலே போட்டுத் தலையைக் கீழே தொங்கவிட்டு, "அம்மா, அக்கா அழலம்மா, சிரிக்கறா! பக்கத்துல இருக்கறவங்களும்!" என்று கத்தினான். நான் சேலையை வாரிச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் தொங்கினேன். அப்பாவும் முனகிக்கொண்டே தொங்கினார். மூன்று பேரும் ரத்தம் தலைக்கு ஏற ஏற உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வாய் கொள்ளாத சிரிப்புடி உனக்கு.

அது ஆணா பெண்ணா என்று அப்பா துளைக்கிறார். தலைகீழாக நிற்கும் தலையில் அதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டேன். நானும் கேட்கப்போவதில்லை. நீ தனியாகச் சாப்பிடவில்லை, அது போதும்.

சூப்போடு நிறுத்தாமல் மெல்லுகிற மாதிரி ஏதாவது சாப்பிடு. நீயும், உன்னோடு சிரிக்கிற அந்தத் தலையும் நூறு வருஷம் சிரித்துக்கொண்டு இருங்கள். மறக்காமல் ஒன்று சொல்லிவிடு: அந்த மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. லீவுக்கு நீ வரும்போது கூடவே வந்தால் நானே முடுக்கித் தருகிறேன்.

கழுத்துப் பிடித்துக்கொண்ட
உன் அம்மா