அக்காவின் அலமாரியில் கோழி

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே, உன் வீட்டுக்காரரிடம்கூட. படித்ததும் கிழித்துப் போடு.

நீ விட்டுப்போன கோழி உயிரோடு இருக்கிறது. "அவ வளர்த்தது எதுவும் இந்த வீட்டுல இருக்கக் கூடாது, நாளைக்கே கறிக்கடையில குடுத்துடறேன்" என்று அப்பா சொன்ன அன்றே அதை உன் துணி அலமாரிக்குள் ஒளித்துவிட்டேன். நீ போனபிறகு அந்த அலமாரியை யாரும் தொடுவதில்லை. இருட்டில் சமர்த்தாகத் தூங்குகிறது. உன் பச்சை ஸ்வெட்டர் மேல்தான் முட்டையிடுகிறது, கோபித்துக்கொள்ளாதே.

முட்டையிட்டதும் ஊரையே கூட்டுகிறது. சத்தம் வெளியே கேட்காமலிருக்க நான் பலமாக இருமுகிறேன். அம்மா மூன்று வேளையும் இருமல் மருந்தை வாயில் ஊற்றுகிறாள். இப்போது லீவு என்பதால் தப்பித்தேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் பகலில் யார் இருமுவது?

இன்று சாப்பிடும்போது அப்பா என்னை முறைத்தார்.

"கோழி எங்கடி?"

"பறந்துபோச்சுப்பா."

"கோழி எங்கயாவது பறந்து போகுமா?"

"அக்கா போகலையா?" என்று நாக்கு நுனிவரை வந்தது. பயத்தில் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். இன்னொரு தடவை கேட்டால் விழுங்கமாட்டேன். கோழியைக் கொடுக்கவும் மாட்டேன். வேண்டுமானால் என்னையும் சேர்த்து வெளியே தள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் வால்

அக்கா, கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். கோழி விழித்துக்கொண்டு கொக்கரிக்கிறது. இந்தத் தடவை நான் இருமப்போவதில்லை.