உங்கள் இரண்டு சீட்டுக் கார்

இன்று காலை காரை விலைக்குப் பார்க்க ஒருவர் வந்தார். உறையை உருவியதும் ஈரக் கான்வாஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. "ஆன்ட்டி, பின்னாடி சீட் கிதர் ஹை?" என்றார். பின் சீட் எங்கே என்று நானும் இதைத்தானே அன்று உங்களிடம் கேட்டேன்.

தாராவித் தோல் பட்டறையில் பாதி ஆயுசைத் தேய்த்து, செம்பூரில் ஃபிளாட் வாங்கி, தலை நரைத்தபின் நீங்கள் கொண்டுவந்து நிறுத்தியது இரண்டே பேர் உட்காரும் சிவப்புக் கார். வீட்டிலோ மூன்று பேர். கோயில் வாசலில் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் மகள் உங்கள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் தாம்பாளத்தோடு ஓரமாக நின்றேன். "ஏட்டி, அடுத்த ரவுண்டு ஒனக்குத்தான்" என்றீர்கள். அடுத்த ரவுண்டுக்குப் பழம் எங்கே இருக்கும்? நசுங்கிப் போய்க் கிடந்தது.

பொய் சொல்ல மாட்டேன், அந்த அடுத்த ரவுண்டு சொர்க்கம். கூரையை மடித்துவிட்டு ஃப்ரீவேயில் பறந்தோம். "தக்கை மாதிரில்லா போவுது! நெனச்ச பக்கம் திரும்புது பாத்தியா?" என்று ஸ்டியரிங்கைத் தடவினீர்கள். என்னை அப்படித் தடவிக்கொடுத்த நாள் எதுவும் எனக்கு நினைவில்லை. திரும்பும்போது மழை. கூரை ஒழுகியது, என் பக்கம் மட்டும். ஒரு அரிசிப் பை வைக்க இடமில்லாத வண்டி! சொன்னால், "ஒனக்கு ரசனையே கெடையாது" என்பீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தீர்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். மூன்று பேரும் ஆட்டோவில் போய்விடலாம் என்று கெஞ்சினேன். "நம்ம வண்டிதான் வெரசாப் போவும்" என்றீர்கள். அந்த வலியிலும் என்ன பெருமை! ஓட்ட மகள், பக்கத்தில் நீங்கள். கதவை நான்தான் சாத்தினேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உங்கள் முகத்தை மூடியிருந்தார்கள்.

"அப்பா கடைசியா என்னைக் கேட்டாங்களா?" என்றேன் மகளிடம். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "இல்லம்மா. 'ஸ்பீட் பிரேக்கர் வருது, மெதுவா ஏத்துட்டி, வண்டிக்கு அடி தட்டிரும்'னாங்க."

அடி தட்டிவிடுமாம். முப்பது வருஷம் உங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டேன்.

காலையில் வந்தவர் பணத்தைக் கொடுத்துக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும், சனியன். ஆனால் ஆட்டோ எந்த ஸ்பீட் பிரேக்கரில் ஏறினாலும் உங்களைத் திட்டுகிறேன், வாய்விட்டே. ஆட்டோக்காரர்கள் தங்களைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து, மெதுவாக ஓட்டுகிறார்கள்.