குழலின் அடிப்பக்கம்

மார்ச் 4
ஐம்பது மீட்டர். படுத்துச் சுட்டேன். குண்டுகள் கோழிக்கு இரைத்த தானியம் போலச் சிதறின. பயிற்சி தரும் மாஸ்டர் இலக்கு அட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா போன துக்கம்மா. மனசு இங்க இல்ல. தேர்வுப் போட்டிக்கு இந்தத் தடவை வராட்டிப் பரவாயில்ல."

போன மழையில் காய்ச்சல் வந்து அக்கா போனாள். துக்கம் என்றால் ஏதாவது தெரிய வேண்டாமா? கை கல் மாதிரி நிற்கிறது. ரைபிளில்தான் கோளாறு என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

சிரிக்க வேண்டிய இடம். சிரித்தேன்.

மார்ச் 5
வேலைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 9
அம்மா அக்காவின் அறையைப் பெருக்கிக் கதவைச் சாத்தினாள். "உனக்கு எதுவுமே தோணலையாடி?" என்றாள். தோன்றாததை எங்கிருந்து கொண்டுவர?

மார்ச் 14
துப்பாக்கி பழுது பார்ப்பவர், பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு கேமராவைக் குழலுக்குள் விட்டார். தோட்டா உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால், அடிப்பக்கம் மட்டும் அரித்துச் சொரசொரவென்று கிடந்தது. மேல்பக்கம் பளபளப்பு.

"ஈயக் குண்டா இரும்பை இப்படித் தேய்க்கும்?"

"குண்டு இல்லம்மா. இந்தத் தோட்டாவுக்கு விளிம்புக்குள்ளதான் பத்தவைக்கிற மருந்து. அடிச்சதும் உரசிப் பத்திக்கணும்னு அதுல கண்ணாடித்தூள் கலப்பாங்க. சுடும்போதெல்லாம் அந்தத் தூளும் குழலுக்குள்ள வரும், அடியில படியும். அடுத்த குண்டு அது மேலதான் ஏறிப் போகணும். உப்புத்தாள் போட்ட மாதிரிதான். ஒருத்தர் சுட்டு இவ்வளவு தேயாதே?"

"அக்காவும் இதுலதான் சுட்டா."

அவர் கேமராவை வெளியே இழுத்தார். பின்முனையில் ஒரு விரற்கடை வெட்டிவிட்டு, தோட்டா உட்காரும் அறையைப் புதிதாகக் கடைந்து தரலாம் என்றார். வெட்டச் சொன்னேன்.

மார்ச் 22
வெட்டிய துண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இதில் எந்த அரிப்பு அவளுடையது, எது என்னுடையது?

"வேணுமாம்மா?"

"வேண்டாம்."

தெருவில் நின்று, ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். பேருந்து வந்தது.

மார்ச் 24
ஐந்து குண்டும் ஒரே ஓட்டை. மாஸ்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேர் குடுத்துடறேன்" என்றார்.

ஏப்ரல் 6
தேர்வுப் போட்டியில் மூன்று பேரைத்தான் எடுத்தார்கள். நான் நான்காவது.

கடைசிக் குண்டு. காற்று மாறியதைப் பார்க்காமல் விசையை இழுத்தேன். பழி போட இன்று ரைபிளும் இல்லை. மூன்றாவதாக வந்தவள் ஆறுதலாகக் கை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்து முறுக்கலாம் போலிருந்தது. அப்படி ஒரு வயிற்றெரிச்சல்— எனக்கா?

வீட்டில் பையைப் போட்ட சத்தத்தில் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி?"

"போச்சும்மா. ஒரே ஒரு குண்டு. அக்கா இருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பா..."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

சாப்பிட ரொம்ப நேரமாயிற்று.