டம்ளர் மாமாவுக்கு ஒரு வசனம்

மார்ச் 2

லிஃப்ட்காரருக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். பக்கத்தில் இடி விழுந்தாலும் ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு, என்ன விழுந்தது என்று பார்த்துவரக் கிளம்புகிற ஆள் நீங்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிக்க வேண்டாம். போனில் நான் பேசுவேன், நீங்கள் 'ம்' என்பீர்கள். காகிதத்தில் வெறும் 'ம்' எழுதித் தபாலில் சேர்க்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயம் இரண்டு. முதலாவது, நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கண் பிதுங்க வரைந்த 'பாரந்தாங்கி' வெளிவந்துவிட்டது. கார்ட்டூன் படம்தானே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள், தியேட்டர்கள் நிரம்பி வழிகின்றன. எவ்வளவு பெரிய பாரத்தையும் தாங்குகிற ஒரு பெண்ணின் கதை. இடிகிற பாலம், சாய்கிற கோபுரம் எல்லாவற்றுக்கும் தோள் கொடுப்பாள். அவளுக்கு ஒரு புருஷன். சக்தி கிக்தி ஒன்றும் கிடையாது, லிஃப்ட் பழுது பார்க்கிறவன். படம் முழுக்க வாயே திறக்க மாட்டான். அவளை என் பக்கத்து நாற்காலிப் பெண் வரைந்தாள். அவன் மட்டும் முழுக்க முழுக்க என் கை.

ஒரு காட்சி வருகிறது. காலையிலிருந்து பாலத்தைத் தாங்கிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அவன் டம்ளரில் தண்ணீர் ஊற்றுவான். ஒரு நிமிஷம் யோசிப்பான். பாதியைத் திரும்பச் செம்பிலேயே கொட்டிவிட்டு, மிச்சத்தை அவள் பக்கத்தில் வைத்து, ஒரு விரல் அளவு நகர்த்திவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு சுவிட்சைக் கழற்ற ஆரம்பித்துவிடுவான். கஞ்சப்பயல் என்று ஜனங்கள் சிரிக்க வேண்டும் என்றுதான் அதை வைத்தேன். எங்கிருந்து எடுத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. அழுகிறார்கள். ரசிகர் கடிதங்கள் மூட்டையாக வருகின்றன. அவனுக்கு 'டம்ளர் மாமா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு பையன் கையில் அந்த டம்ளரைப் பச்சை குத்திப் படம் அனுப்பியிருக்கிறான். இயக்குநர் அம்மா என் தோளைப் பிடித்து, “எப்படித் தோணுச்சு உனக்கு?” என்கிறார். நானும் தெரிந்தவள் மாதிரி தலையை ஆட்டி வைக்கிறேன். எனக்குப் புரியவில்லை. நீங்கள் ஒரு தியேட்டருக்குப் போய், படத்தைவிட ஜனங்களைப் பாருங்கள். எங்கே என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதுதானே உங்கள் தொழில்.

இரண்டாவது, அடுத்த பாகத்துக்கும் என்னையே கேட்கிறார்கள். சரி என்றால் இன்னும் மூன்று வருஷம் இங்கேதான். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொன்னால் நம் விஷயத்தையும் கோர்ட்டில் முறைப்படி முடித்துக்கொள்ளலாம் என்று படுகிறது. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டில் எத்தனை நாள்தான் நிற்பது?

லிஃப்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஸ்டூடியோ லிஃப்ட் வாரத்தில் பாதி நாள் வேலை செய்வதில்லை. ஒவ்வொரு படியிலும் உங்கள் இனத்தையே திட்டிக்கொண்டு ஏறுகிறேன்.

இப்படிக்கு,
ஓவியர்


மார்ச் 9

ஓவியருக்கு,

ம்.

அதை முதலில் எழுதிவிட்டேன். இனி மற்றதை எழுதுகிறேன்.

வேலை முடிந்து அப்படியே தியேட்டருக்குப் போனேன். நீல உடுப்பு, காதில் ஸ்க்ரூடிரைவர், கையெல்லாம் கிரீஸ். உள்ளே நுழைந்தால் என்னைப் போலவே நீல உடுப்பில் ஒரு கூட்டம் நிற்கிறது. எங்கள் கம்பெனி ஆட்கள் ஏதோ ஸ்டிரைக் செய்கிறார்கள், எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று நினைத்தேன். கிட்டே போனால் எல்லாருக்கும் ஒட்டு மீசை. பெண்களுக்கும். அத்தனை பேரும் டம்ளர் மாமா வேஷம்.

ஒரு பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “உடுப்பு சூப்பர் சார். கிரீஸ்கூட அப்படியே இருக்கு. மீசைதான் சரியில்ல” என்றான். பையிலிருந்து ஒன்றை எடுத்து என் மீசைக்கு மேலேயே ஒட்டிவிட்டான். நல்ல பையன், மறுக்க மனம் வரவில்லை. ஆகவே உன் படத்தை நான் இரண்டு மீசையோடு பார்த்தேன்.

அவன் முதல் தடவை திரையில் நடந்துவந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கருவிப் பையைச் சுமந்து சுமந்து சாய்ந்துபோன தோள். கதவைப் பூட்டிவிட்டுச் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பது. கரண்ட் போனால் யாரோ மேலே இருந்து பதில் சொல்லப் போகிற மாதிரி கூரையை அண்ணாந்து பார்ப்பது. நான் இதெல்லாம் செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. இப்போது தெருவில் நடக்கவே வெட்கமாக இருக்கிறது. நீ காகிதத்தை விட்டுத் தலை நிமிர்வதே இல்லை என்று நினைத்திருந்தேன். இவ்வளவு பார்த்திருக்கிறாய்.

அந்தக் காட்சி வந்ததும் தியேட்டரே அடங்கிப்போனது. எல்லாரும் பைக்குள்ளிருந்து டம்ளரை எடுத்துப் பாதித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். திரையில் அவள் குடித்ததும் இவர்களும் குடித்தார்கள். ஒரு படத்தை ஜனங்கள் இப்படி மதித்து நான் பார்த்ததில்லை. அதை வரைந்தவள் யார் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை, என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

பக்கத்தில் ஒரு நர்ஸ் பெண். அழுத அழுகையில் அவள் மீசை பாதி கழன்று தொங்கியது. நீ கேட்டாயே என்று, ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். இதுகூடவா தெரியாது என்பது போலப் பார்த்தாள்.

“அவங்க கை நடுங்குது பாருங்க சார். முழுசா ஊத்திக் குடுத்தா சிந்திடும். அவ்வளவு பெரிய பாலத்தத் தாங்கிட்டு, ஒரு டம்ளர் தண்ணியத் தாங்க முடியலயேன்னு ஆயிடும்ல அவங்களுக்கு. அதான் பாதியா குடுக்கிறாரு.”

அப்புறம் எதற்கு முதுகைக் காட்டுகிறான் என்றும் கேட்டேன்.

“நடுங்குறதப் பாக்காத மாதிரி இருக்கத்தான்.”

நீ கேட்டதற்கு இதுதான் பதில். படம் மிக மிக நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு குறை, மூன்றாவது சண்டையில் வரும் லிஃப்டின் கதவு மூடாமலே மேலே போகிறது. அப்படிப் போகவே போகாது.

இரண்டாவது விஷயம் உன் இஷ்டம்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


மார்ச் 16

டம்ளர் மாமாவுக்கு,

லிஃப்ட் நின்றுவிட்டதால் உங்கள் கடிதத்தைப் படியேறிக்கொண்டே பிரித்தேன். மீசை வரைக்கும் சிரித்துக்கொண்டே ஏறினேன். நர்ஸ் பெண் வந்ததும் மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே போக வெகுநேரமாயிற்று.

அந்தக் கை நடுக்கத்தை வரைந்தது நான் இல்லை. நாயகியை வரைந்தது என் பக்கத்து நாற்காலிப் பெண் என்றேன் அல்லவா, அது அவள் சேர்த்தது. என் படங்களை நான் கொடுத்தேன், அவள் படங்களை அவள் கொடுத்தாள், வேறொருவர் இரண்டையும் ஒட்டினார். ஒட்டிய பிறகு எத்தனையோ தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நான் போட்ட கோடுகளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நேற்று ஸ்டூடியோவில் அதைத் திரும்பப் போடச் சொல்லி, நாயகியின் கையை மட்டும் பார்த்தேன்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள். நம் வீட்டில் என் கையும் நடுங்கியதா? வலி இருந்தது, அது எனக்குத் தெரியும். மணிக்கட்டை மேஜைக்குக் கீழே பிடித்து வைத்துக்கொள்வேன். உங்களுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

நான் கிளம்பியதற்கு முதல் நாள், “தண்ணிகூட முழுசாக் குடுக்க மனசில்லையா?” என்று அந்த டம்ளரைத் தள்ளிவிட்டேன். நீங்கள் தரையைத் துடைத்துவிட்டு 'ம்' என்றீர்கள். அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. யாரோ ஒரு நர்ஸ் பெண் மீசை ஒட்டிக்கொண்டு வந்து எனக்கு விளக்க வேண்டுமா? அழுகையும் வருகிறது, கோபமும் வருகிறது. ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறதே என்று நீங்கள் ஜம்பமாக இருந்துவிடாதீர்கள். அவர்கள் அவனோடு இரண்டு மணி நேரம் இருக்கிறார்கள். வாயைத் திறக்காத மனிதரோடு வருஷக்கணக்கில் குடும்பம் நடத்தியவள் நான்.

இங்கே ஒரு புதுத் தலைவலி. டம்ளர் மாமா பேச வேண்டும் என்று ரசிகர்கள் மன்றாடுகிறார்கள். அடுத்த பாகத்தில் அவனுக்கு ஒரே ஒரு வசனம் வைப்பது என்று முடிவாகிவிட்டது. அவள் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வரும்போது அவன் சொல்ல வேண்டும். ஆளாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள், ஒன்றும் பொருந்தவில்லை. இயக்குநர் அம்மா என்னிடம், “அவரை உனக்குத்தான் தெரியும், நீயே குடு” என்றுவிட்டார். நானும் உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கிறேன், வரவில்லை. அந்த வாக்கியத்தை நான் என் வீட்டில் கேட்டதே இல்லை.

அதனால் உங்களைக் கேட்கிறேன். அவன் என்ன சொல்வான்?

'உன் இஷ்டம்' என்று மட்டும் திரும்ப எழுதாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பெட்டியைத் தூக்கினேன்.

ஓவியர்


மார்ச் 23

என் வீட்டுக்காரிக்கு,

நடுங்கியது. வலது கை. பென்சில் பிடித்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, அதைக் கீழே வைத்துவிட்டு வேறு எதையாவது எடுக்கும்போதுதான் ஆடும். உடனே கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொள்வாய். ஒளிக்கிறவளிடம் போய் எப்படிக் கேட்பது? கேட்டால், வரைவதை விட்டுவிடு என்று நான் சொல்வதாக நீ எடுத்துக்கொள்வாயோ என்று பயம். ஆகவே தண்ணீரைக் குறைத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

உன் கோபம் நியாயம். மாட்டிக்கொண்ட லிஃப்டுக்கு வெளியே போய் நின்றதும் எங்களுக்கு முதல் வேலை என்ன தெரியுமா? கருவியை எடுப்பதற்கு முன்னால் குரல் கொடுப்பது. “நான் வெளியிலதான் இருக்கேன், பயப்படாதீங்க” என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கத்தியிருக்கிறேன். உனக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. உள்ளே இருக்கிறவருக்கு வெளியே யார் நிற்கிறார் என்று எப்படித் தெரியும்?

வசனத்துக்காக மீசைக்காரப் பையன்களைக் கேட்டேன். இப்போதெல்லாம் அவர்களோடுதான் படம் பார்க்கிறேன், ஒரு நாற்காலி பிடித்து வைக்கிறார்கள். என் மீசையைப் பற்றி மட்டும் இன்னும் திருப்தி இல்லை. ஒருவன், “நீதான் என் உலகம்னு சொல்லணும் சார்” என்றான். இன்னொருவன் பாட்டே வைக்கச் சொன்னான். நர்ஸ் பெண் இரண்டு பேரையும் அதட்டிவிட்டு, “இத்தன நாளா எத முழுங்கினாரோ அதத்தான் சொல்லணும்” என்றாள். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்து எழுதி எழுதிக் கிழித்தேன்.

படத்துக்கு நீங்கள் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நான் முழுங்கியது உனக்கானது.

கை இப்ப எப்படி இருக்கு? ரொம்ப வலிக்குதா?

அடுத்த பாகத்துக்குச் சரி என்று சொல். உன்னைப்போல அவனை வேறு யாராலும் வரைய முடியாது, இதை ஊரே சொல்கிறது, நானும் சொல்கிறேன். லிஃப்ட் எல்லா ஊரிலும் நின்றுபோகிறது. வேலையை விட்டுவிட்டு அங்கே வருவதாகக் கம்பெனியில் பேசிவிட்டேன். நான் வரக் கூடாது என்றால் ஒரு வரி எழுது. இந்தத் தடவை உன் இஷ்டம் என்று எழுத மாட்டேன். எனக்கு வர இஷ்டம்.

உன்
வீட்டுக்காரன்


மார்ச் 29

என் வீட்டுக்காரருக்கு,

இரண்டாம் பாகத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னொரு விஷயத்துக்குப் போடவில்லை, போடப் போவதும் இல்லை.

இயக்குநர் அம்மாவிடம் வசனம் கிடைத்துவிட்டது, ஆனால் தர மாட்டேன் என்றேன். முறைத்தார். பிறகு நானே ஒரு வழி சொன்னேன். அவன் பேசட்டும், ஆனால் அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு வண்டி இரைந்துகொண்டு போகட்டும். ஜனங்களுக்கு அவன் உதடு அசைவதும், கேட்டவள் முகமும் மட்டும் தெரிந்தால் போதும். அம்மா ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, “அந்த முகத்தையும் நீயே வரைஞ்சுடு” என்றார். அவன் என்ன சொன்னான் என்று உங்கள் மீசைப் பட்டாளம் மண்டையைப் பிய்த்துக்கொள்ளட்டும். நீங்கள் உளறிவிட மாட்டீர்கள், அந்த ஒரு விஷயத்தில் உங்களை நம்பலாம்.

ஸ்டூடியோ வாசல் காவலரிடம் லிஃப்டுக்கு ஆள் வருகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒட்டு மீசை வேண்டாம், இருக்கிறதே சரியாகத்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். வலிக்கிறது. காலையில் கொஞ்சம், சாயங்காலம் ரொம்ப. டம்ளரை இடது கையால்தான் எடுக்கிறேன்.

இங்கே எல்லாம் கண்ணாடி டம்ளர். வரும்போது நம் வீட்டு டம்ளரை எடுத்து வாருங்கள். பாதி போதும்.

உங்கள்
வீட்டுக்காரி